திராட்சைத் தோட்டமும் நம் தோட்டமும்



பள்ளி விடுமுறை முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்த முதல் நாளே ஒரு கேள்வி எனக்காகக் காத்திருந்தது. "ஐயா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மது வடிக்கிற ஊருக்கா சுற்றுலா போனீர்கள்? உங்களுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பில் பாதிதான் வேடிக்கை, மீதி கண்டிப்பு. நான் ஒரு சொட்டு மதுவும் தொடாதவன் என்பது அவருக்குத் தெரியும். மது ஒழிப்பைப் பற்றிப் பள்ளிச் சபைகூடலில் ஆண்டுதோறும் பேசுகிறவனும் நான்தான்.

அன்று தேநீர் வேளை முடிந்துவிட்டதால் அவருக்கு முழுமையாக மறுமொழி சொல்ல இயலவில்லை. அந்த மறுமொழிதான் இக்கட்டுரை. சற்று நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பயணம் அமைந்த வகை

என் துணைவியாரின் தம்பி மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குடும்பத்துடன் வாழ்கிறார். "ஒருமுறையாவது வந்து போங்கள்" என்று அவர் அழைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாண்டுச் சேமிப்புக்குப் பின் செப்டம்பர் மாதப் பள்ளி விடுமுறையில் அந்த அழைப்பை ஏற்றோம். கோலாலம்பூரிலிருந்து பெர்த் ஏறத்தாழ ஐந்தரை மணி நேர வானூர்திப் பயணம். ஆனால், இறங்கியபின் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை. மலேசியாவுக்கும் பெர்த்துக்கும் ஒரே நேரம். "இவ்வளவு தூரம் பறந்தும் மணி மாறவில்லையே, எப்படி அப்பா?" என்று இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் கேட்டான். தீர்க்கரேகையைப் பற்றிய முதல் பாடம் வானூர்தி நிலையத்திலேயே நடந்தேறியது.

பெர்த்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மார்கரெட் ரிவர் என்னும் சிற்றூர். அதைச் சுற்றியுள்ள வட்டாரம் முழுவதற்கும் அதே பெயர்தான். திராட்சைத் தோட்டங்கள், மாட்டுப் பண்ணைகள், பாலாடைக்கட்டி ஆலைகள், ஆலிவ் தோப்புகள், வானளாவிய மரக்காடுகள், ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல் என்று அமைந்த நிலம் அது. மைத்துனர் ஓர் ஏழு இருக்கை வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார். வண்டிச் சாவியை என் கையில் வைத்து, "மச்சான், நீங்கள்தான் குடிப்பதே இல்லை. திராட்சைத் தோட்டத்துப் பக்கம் போகிறோம், வண்டியை நீங்களே ஓட்டினால்தான் எல்லாருக்கும் நிம்மதி" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்நாட்டில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டை எட்டினாலே குற்றம். சாலையோரத்தில் காவலர் எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். ஆகவே, குடிக்காத ஒருவன் உடன் வருவது அவ்வூரில் பெரிய பேறு. வாழ்க்கையில் முதன்முறையாக என் மதுவிலக்கு நோன்புக்கு ஒரு பயன்பாட்டு மதிப்புக் கிடைத்தது!

சாலையும் நமக்கு அயலானது அன்று. நம்மைப் போலவே அவர்களும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் சாலைக் கட்டணச் சாவடி ஒன்றுகூட இல்லை என்று அறிந்தபொழுது என் துணைவியார் விட்ட பெருமூச்சை நம் நாட்டில் நெடுஞ்சாலையில் பயணம் செய்யும் எவரும் புரிந்துகொள்வர்.

மூன்று நாள், ஒரே சாலை

முதல் நாள் பஸ்ஸெல்டன் என்னும் கடற்கரை ஊரில் நின்றோம். அங்கே கடலுக்குள் 1.8 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு செல்லும் மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 1860களில் கட்டத் தொடங்கியது. உள்நாட்டுக் காடுகளில் வெட்டிய மரங்களைக் கப்பலில் ஏற்றுவதற்கு அது பயன்பட்டது. கப்பல் போக்குவரத்து நின்றபின், 1978இல் ஆல்பி என்ற சூறாவளி அதில் பெரும் பகுதியை அடித்துச் சென்றது. இனிப் பயனில்லை என்று இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால், ஊர் மக்கள் நிதி திரட்டினார்கள், அரசும் உதவியது, பாலம் மீண்டது. இன்று அதன்மேல் சிறுவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு தொடர்வண்டி ஓடுகிறது. "வேலை முடிந்துபோன பாலத்தை ஏன் அப்பா காப்பாற்றினார்கள்?" என்று ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் கேட்டாள். அப்பொழுது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் மறுநாள் திரும்பி வரும் என்று நான் அறியவில்லை.

இரண்டாம் நாள் குகைகள் சாலை. வடக்கே பஸ்ஸெல்டன் பக்கத்திலிருந்து தெற்கே அகஸ்டா வரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வளைந்து வளைந்து செல்லும் சாலை அது. பெயருக்கேற்ப அதன் ஓரங்களில் சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. ஏரிக்குகை என்னும் குகைக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கினோம். அடியில் கண்ணாடி போல் அசையாத நீர். பத்துமலையில் ஏறிப் பழகிய கால்களுக்கு, இறங்கிக் காணும் குகை புதுமையாக இருந்தது.

பின்னர் போரனப் காடு. 'காரி' என்னும் யூகலிப்டஸ் வகை மரங்கள் வெளிறிய தண்டுகளுடன் அறுபது மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கின்றன. பழமையான கன்னிக்காடு என்றுதான் நான் எண்ணினேன். இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரவணிகர்கள் அந்தக் காட்டை வெட்டித் தீர்த்துவிட்டனர். லண்டன் மாநகரத்துச் சாலைகளில் பதிக்கப்பட்ட மரக்கட்டைகளில் மேற்கு ஆஸ்திரேலிய மரங்களும் உண்டு. இப்பொழுது நாம் காண்பது அதன்பின் தானாக வளர்ந்த காடு. நூறு ஆண்டு விட்டுவைத்தால் நிலம் எவ்வளவு மீளும் என்பதற்கு அது சான்று.

இடையில் ஒரு சிற்றூர். பெயர் கவரமப். தெருவோரமெல்லாம் ஆளுயர மாட்டுச் சிலைகள், நாற்பதுக்கும் மேற்பட்டவை. கறுப்பும் வெள்ளையுமாக அவை நிற்க, என் மகன் ஒவ்வொன்றுடனும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான். ஆங்கிலத்தில் 'கவ்' என்றால் மாடு. ஆகவே மாட்டூர் என்று விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள். உண்மையில் அப்பெயருக்கும் மாட்டுக்கும் தொடர்பில்லை. அம்மண்ணின் தொல்குடிகளான நூங்கார் மக்களின் மொழியில் 'கவரா' என்பது ஒரு சிறு கிளியின் பெயர். 'அப்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் 'இடம்' என்னும் பொருளைத் தருபவை. கிளிகள் வாழ்ந்த இடம், மாடுகளின் ஊராகிவிட்டது. மொழி ஆசிரியனான எனக்கு அச்சிலைகளின் நடுவே நின்றபொழுது சிரிப்பும் வந்தது. சற்றுத் துயரமும் வந்தது. ஊர்ப்பெயரின் பொருளை மறந்தால் என்ன நேரும் என்பதை நம் நாட்டுத் தமிழருக்கு வேறு ஊரார் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மார்கரெட் ரிவர் ஊரில் காலையில் உழவர் சந்தை. ரொட்டி சுட்டவரே ரொட்டி விற்கிறார். தேன் எடுத்தவரே தேன் விற்கிறார். "இந்தத் தேன் எந்தப் பூவிலிருந்து?" என்று கேட்டால் மறுமொழி கிடைக்கிறது. பண்ணைச் சாலைகளில் இன்னொன்றையும் கண்டோம். வேலியோரம் ஒரு மேசை. அதன்மேல் எலுமிச்சையும் முட்டையும். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. விற்பவர் இல்லை. பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். என் மகன் இரண்டு வெள்ளிக் காசைப் போட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று நெடுநேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நன்னெறிக் கல்விப் பாடத்தில் நான் பத்து வாரம் நடத்தும் நேர்மையை அத்தகரப் பெட்டி ஒரு நிமிடத்தில் நடத்திவிட்டது.

அன்று மாலை லியூவின் முனையில் நின்றோம். 1895இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கம் அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சந்திக்கும் இடம் என்று அதைக் குறிக்கிறார்கள். திரும்பும் வழியில் இருள் கவியத் தொடங்கியது. வளைவொன்றில் ஒரு கங்காரு சாலையின் நடுவில் வந்து நின்றுகொண்டு எங்களையே பார்த்தது. தடையை அழுத்தி வண்டியை நிறுத்தினேன். அது ஆறுதலாகக் குதித்துச் சென்றபின்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. அந்தி வேளையில் அச்சாலைகளில் ஓட்டாதீர்கள் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். நானும் சொல்லுகிறேன்.

ஒரு சொட்டும் குடிக்காமல் கண்டது

இனி, மூத்த ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் பிற்பகல், ஒரு திராட்சைத் தோட்டத்தின் சுவைக்கூடத்துக்குள் நுழைந்தோம். மைத்துனருக்கும் அவர் துணைவியாருக்கும் சிறு கண்ணாடிக் குவளைகளில் ஓரிரு மிடறு ஊற்றினார்கள். பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு. எனக்குத் தண்ணீர். வெளியே கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. அங்கே செப்டம்பர் இளவேனிற்காலம். வெட்டிவிட்ட கொடிகளில் அப்பொழுதுதான் பச்சை மொட்டுகள் விரிந்துகொண்டிருந்தன.

பணிப்பெண் மதுவைப் பற்றிச் சொன்னது சிறிதே. நிலத்தைப் பற்றித்தான் மிகுதியாகச் சொன்னார். எந்தச் சரிவில் எந்தக் கொடி, எந்த ஆண்டு நட்டது, யார் நட்டது, எந்த ஆண்டு பறவைகள் அழித்தன என்று ஒரு குடும்ப வரலாறு போல் சொன்னார்.

அவ்வட்டாரத்தின் கதையே சுவையானது. 1965இல் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்னும் வேளாண் அறிஞர் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியின் தட்பவெப்பத்தையும் மண்ணையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பிரான்சின் புகழ்பெற்ற போர்தோ வட்டாரத்தோடு இப்பகுதியின் தட்பவெப்பம் ஒத்திருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அதைப் படித்த டாம் கல்லிட்டி என்னும் பெர்த் மருத்துவர் 1967இல் வாஸ் ஃபெலிக்ஸ் என்னும் தோட்டத்தைத் தொடங்கிக் கொடிகளை நட்டார். காய்த்த திராட்சையைச் சிறு குருவிகள் தின்று தீர்த்தன. குருவிகளை விரட்ட அவர் ஒரு வல்லூறைக் கொண்டுவந்தார். அவிழ்த்துவிட்டதும் அது காட்டுக்குள் பறந்து போய்விட்டது, திரும்பவே இல்லை. பறந்துபோன அந்த வல்லூறுதான் இன்றும் அத்தோட்டத்துப் புட்டியின் முத்திரை. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, ஒரு மருத்துவரின் பிடிவாதம், ஒரு தோல்வி ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொல்லியே அவர்கள் பெயர் பெற்றிருக்கிறார்கள். இன்று அவ்வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திராட்சைத் தோட்டங்கள் உள்ளன.

அதற்கு முன் அந்நிலம் செழிப்பானதாக இருந்ததில்லை. 1920களில் பிரிட்டனிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிவந்து, காட்டை அழித்துப் பால் பண்ணை அமைக்கச் சொன்னார்கள். தகரக் கொட்டகைகளில் வாழ்ந்துகொண்டு, அறுபது மீட்டர் மரங்களைக் கோடரியால் வீழ்த்த வேண்டிய நிலை. பலர் கடன்பட்டு, நிலத்தை விட்டுவிட்டு வெளியேறினார்கள். அக்கதையையும் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, தாத்தாவும் தோட்டத்தில்தானே வேலை செய்தார்? அந்தத் தோட்டத்துக்கும் இப்படிக் கதை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்கு வாய் எழவில்லை.

என் தந்தையின் தோட்டம்

என் தந்தை கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்பார். உளியும் வாளியுமாகத் தீம்பாருக்குள் நுழைந்தால் முந்நூறு, நானூறு மரம். மழை பெய்தால் வேலையில்லை, கூலியும் இல்லை. மாலையில் அவர் கால்கள் தாமாகவே கள்ளுக்கடைக்குப் போகும். கள் கிடைக்காத நாளில் சம்சு. நான் நான்காம் படிவத்தில் படித்தபொழுது ஈரல் கெட்டு இறந்தார். அதன்பின் அவர் நிரையை அம்மா வெட்டினார். அந்த வருமானத்தில்தான் நான் எஸ்.பி.எம். எழுதினேன்; ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றேன். நான் மது தொடாததற்குக் காரணம் எந்த நூலும் அன்று. அம்மாவின் கைகள்.

ஆகவே, அச்சுவைக்கூடத்தில் நான் தண்ணீர்க் குவளையுடன் நின்றபொழுது என் மனத்தில் எழுந்தது வெறுப்புத்தான் என்று நீங்கள் எண்ணலாம். சிறிது வெறுப்பு இருந்தது உண்மை. அதைவிட மிகுதியாக இருந்தது வேறொன்று. அதைப் பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன்.

சிந்தித்துப் பாருங்கள். அங்கேயும் மண், இங்கேயும் மண். அங்கேயும் காட்டை அழித்து நட்டார்கள். இங்கேயும் காட்டை அழித்து நட்டார்கள். அங்கே ஒரு கொடியை நட்டவர் பெயர் புட்டியில் இருக்கிறது. இங்கே கோடிக்கணக்கான மரங்களை நட்டு, வெட்டி, பால் எடுத்தவர்களின் பெயர் செக்ரோல் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. அப்புத்தகமும் இன்று எங்கே இருக்கிறது என்று தெரியாது. என் தந்தை எடுத்த பால் எந்த நாட்டு வண்டிச் சக்கரமாக உருண்டதோ, யாருக்குத் தெரியும்?

குடியிலும் இதே வேறுபாடு உண்டு. புட்டியில் அடைத்து, ஆண்டு குறித்து, மலைச்சரிவின் பெயர் சொல்லி ஊற்றினால் அது பண்பாடு. தென்னையில் இறக்கித் தகரக் கொட்டகையில் ஊற்றினால் அது இழிவு. இரண்டும் மதுதான், இரண்டும் ஈரலைக் கெடுப்பவைதாம். ஆனால், ஒன்றைக் குடிப்பவருக்கு மரியாதையும் மற்றொன்றைக் குடிப்பவருக்கு வசவும் கிடைக்கின்றன. நான் கள்ளுக்கு மரியாதை கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்கிறேன். நம்மவரில் சிலர் இன்று விருந்துகளில் திராட்சை மதுக் குவளையைக் கையில் ஏந்திக்கொண்டு, "இது கள் மாதிரி இல்லை, நாகரிகமானது" என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: அந்த நாகரிக நாட்டில்தான் வண்டி ஓட்டுபவரை நிறுத்தி ஊதச் சொல்லுகிறார்கள். மதுவின் கேடு அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கள்ளை எதிர்த்து நம் மக்கள் போராடியதும் ஒரு வரலாறு. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபொழுது முன்வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. துரைக்கு முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நடக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. அவ்விரண்டு கோரிக்கைகளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். கள்ளை எதிர்த்தவர்கள் தன்மானத்தையே கேட்டார்கள். வேலை நிறுத்தத்தைப் படை கொண்டு அடக்கினார்கள், உயிர்கள் போயின, தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்தியது. 1947இல் பீடோங்கில் காவல்துறை நடவடிக்கையில் உயிரிழப்பும் நேர்ந்தது. என் தந்தை பால்மரம் வெட்டிய மாநிலத்திலேயே, அவர் பிறப்பதற்கு முன்பே, அவரைக் காப்பாற்ற ஒரு கூட்டம் அடிபட்டிருக்கிறது. இதை நான் அறிந்தது பயிற்சிக் கழகத்து நூலகத்தில், இருபது வயதுக்கு மேல். நான் படித்த தோட்டப் பள்ளியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அவர்கள் கதையிலும் ஓட்டை உண்டு

அவர்களை வானளாவப் புகழ்ந்துவிட்டு நம்மைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. அவர்கள் சொல்லும் கதையிலும் குறை இருக்கிறது. 1967இலிருந்து பெருமையாகத் தொடங்கும் கதையில், பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துவரும் வடாண்டி நூங்கார் மக்களுக்கு நெடுங்காலம் இடமிருந்ததில்லை. இப்பொழுதுதான் குகைகளின் பெயரிலும் அறிவிப்புப் பலகைகளிலும் அவர்கள் மொழி தலைகாட்டுகிறது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இன்று பறிக்கவும் வெட்டவும் வருபவர்களில் விடுமுறை விசாவில் வரும் அயல்நாட்டு இளைஞர்களும், பசிபிக் தீவுகளிலிருந்தும் தீமோர்-லெஸ்தேயிலிருந்தும் வரும் தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் பெயரையும் புட்டியில் நான் காணவில்லை. நட்டவர் பெயர் என்று நான் சொன்னேனே, அது நிலத்துக்கு உரிமையாளரின் பெயர். கூலிக்குக் குழி தோண்டியவர் பெயர் அங்கேயும் இல்லை.

கதை எழுதும் கோல் யார் கையில் இருக்கிறதோ அவர்தாம் கதையில் இருப்பார். இது அங்கேயும் உண்மை, இங்கேயும் உண்மை. அப்படியானால், நம் கதையை எழுதும் கோல் யார் கையில் இருக்க வேண்டும்? இக்கேள்விக்காகத்தான் அந்தப் பயணம் எனக்குப் பயனுள்ளதாயிற்று.

சுற்றுலா எதற்கு?

நம்மவர் சுற்றுலாவைப் பற்றியும் ஒரு சொல். பேருந்தில் ஏற்றி, ஐந்து நாளில் ஏழு ஊரைக் காட்டி, ஒவ்வோர் ஊரிலும் இருபது நிமிடம் இறக்கிவிட்டு, இறுதியில் ஒரு பெரிய கடையில் கொண்டுபோய் நிறுத்துவதைத்தான் நாம் சுற்றுலா என்று எண்ணப் பழகிவிட்டோம். பிள்ளைகள் திரும்பி வந்து கட்டுரை எழுதினால், "நாங்கள் மகிழ்ச்சியாக இல்லம் திரும்பினோம்" என்ற ஒரு வரிதான் மிஞ்சுகிறது. ஆண்டுதோறும் நூறு கட்டுரைகளில் அவ்வரியைத் திருத்தி வருபவன் நான். குறை பிள்ளைகளுடையதன்று, எழுதுவதற்கு எதையும் அவர்கள் பார்க்க நாம் விடவில்லை.

குறைந்த தூரம், நிறைய நேரம். இதுதான் நான் கண்டுகொண்ட வழி. ஒரே சாலையில் மூன்று நாள் போனால் ஒரு கிளியின் பெயர் தெரிகிறது. ஒரு வல்லூறின் கதை தெரிகிறது. தகரப் பெட்டியின் நேர்மை தெரிகிறது. அதற்கு ஆஸ்திரேலியாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கேமரன் மலையில் தேயிலை நம் முன்னோர் கைபட்டு வளர்ந்தது. தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் நெல் வயல்கள் உள்ளன. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சோற்றில் கைவைக்கும் பிள்ளைக்கு நெல் எப்படி நிற்கும் என்று தெரிய வேண்டாமா?

"மது வடிக்கும் ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?" என்ற கேள்விக்கு என் மறுமொழி இதுதான்: மறைத்து வைப்பதால் மது மறைவதில்லை. என் பிள்ளைகள் அச்சுவைக்கூடத்தில், தம் தந்தை தண்ணீர் கேட்டு வாங்கியதைக் கண்டார்கள். ஏன் என்று கேட்டார்கள். அன்றிரவு தங்குமிடத்தில், அவர்களுடைய தாத்தா எப்படி இறந்தார் என்பதை முதன்முறையாக அவர்களுக்குச் சொன்னேன். அதுவரை "நோய்" என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தேன். மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தாவுக்கு யாரும் உதவவில்லையா?" என்று கேட்டாள். மது ஒழிப்பு உரைகள் பலவற்றை நான் ஆற்றியிருக்கிறேன். அவற்றில் எதுவும் அக்கேள்விக்கு ஈடாகாது.

திரும்பி வந்தபின்

நாடு திரும்பிய மறுவாரம் மகளை அழைத்துக்கொண்டு என் தந்தையின் தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் திட்டம். நாங்கள் வாழ்ந்த லயம் இருந்த இடத்தில் தார்ச்சாலை ஓடுகிறது. கோயில் மட்டும் புதுச் சாயத்துடன் நிற்கிறது. செம்பனைக்குள் சற்று நடந்தால் ஒரு சிமெண்டுத் தளம். கள்ளுக்கடை இருந்த இடம் அதுதான். எல்லாம் அழிந்த இடத்தில் அத்தளம் மட்டும் அழியவில்லை.

கோயிலில் ஒரு பாட்டியைக் கண்டோம். என் தாயுடன் பால்மரம் வெட்டியவர். என்னை அடையாளம் கண்டு, "ஐயோ, நீ அவரு மவனா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் தந்தை எந்த நிரையில் வெட்டினார், எந்த ஆண்டு மறுநடவு நடந்தது, எந்த வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தத் திராட்சைத் தோட்டத்துப் பணிப்பெண் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். என் மகள் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். "அப்பா, கதை இருக்கிறது" என்றாள்.

கதை இருக்கிறது, நண்பர்களே. அதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இத்தவணை ஒரு பணி கொடுத்திருக்கிறேன். வீட்டில் உள்ள மூத்தவரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: நீங்கள் வேலை செய்த இடத்தின் பெயர் என்ன? அங்கே என்ன வளர்ந்தது? இப்பொழுது அங்கே என்ன இருக்கிறது? மறுமொழியைத் தமிழில் எழுதி, ஒரு வரைபடமும் வரைந்து வர வேண்டும். முப்பத்திரண்டு பேரில் இதுவரை பத்தொன்பது பேர் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில்கூட "மகிழ்ச்சியாக இல்லம் திரும்பினோம்" என்ற வரி இல்லை.

பிற பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களும் இதைச் செய்து பாருங்கள். அடுத்த விடுமுறைக்குச் சுற்றுலாத் திட்டம் தீட்டும் பெற்றோர்களே, ஒரு நாளை மட்டும் உங்கள் தாத்தா பாட்டியின் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சிமெண்டுத் தளம் மட்டுமே மிஞ்சியிருந்தாலும் காட்டுங்கள்.

மூத்த ஆசிரியரிடம் இக்கட்டுரையை அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான்.